வெற்று எடை

ஞாயிறு காலை, சுங்கை சிப்புட் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ரொட்டி சானாய் பசியாறிவிட்டு
நான்கு பேர், மூன்று மோட்டார் சைக்கிள்.
தலைக்கவசம் மில்லுடையது.
கையுறை குலை வெட்டுகிறவர்களுடையது.
கயிறு மட்டும் புதிது: நாற்பது மீட்டர்,
நானூற்று இருபது வெள்ளி, நால்வர் பங்கு.
அஸ்ரி இன்னும் பாக்கி.

செம்பனை பதினான்காம் பிளாக் முடிகிற இடத்தில்
சுண்ணாம்புக் குன்று பிளந்திருக்கிறது.
லாரிக்காரர்களுக்கு அது வெறும் விரிசல்.
முதுகுப்பக்கமாக ஒரு மணி நேரம் ஏறி
ஓடை உள்ளே விழும் வாயில் நின்றோம்.

பின்னால் சாய வேண்டும்,
அதுதான் கடினம்.
இல்லாத நாற்காலியில் உட்காருவது.
எட்டு வடிவ இரும்பில் கயிறு முனக
ஒன்பது மீட்டர் இறங்கினேன்.

கடைசியாக வந்த கோமளவல்லி கயிற்றை உருவினாள்.
சரசரவென்று காலடியில் விழுந்தது.
இனி மேலே வழி இல்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அஸ்ரி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தான்.

உள்ளே வானம் பாவாடை நாடா அகலம்.
தோள் நுழைந்தால் பை நுழையாது.
பாறை குளிர்ந்த உப்புத்தாள்; முழங்கையைத் தேய்த்து
தன் பங்கை எடுத்துக்கொண்டது.

இரண்டாம் இறக்கத்தின் விளிம்பில்
சத்தியசீலன் சொன்னான்:
"பன்னிரண்டு மீட்டர்தான். போன வருசம் நானே அளந்தேன்."
கயிறு திரிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை
என்பதை நாங்கள் மறந்திருந்தோம்.
பன்னிரண்டு மீட்டர் விட்டு, நுனியில் முடிச்சிட்டு
என்னை அனுப்பினார்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
காலை விட்டால்தான் இங்கே ஆழம் தெரியும்.

முடிச்சு இரும்பில் வந்து இடித்தது.
கீழே தண்ணீர்
இன்னும் ஓர் ஆள் உயரம், அதற்குமேல் ஒரு கை.
தேநீர் நிறம். அடியில் பாறையா மரமா, தெரியாது.
பாரம் ஏறிய இரும்பைக் கழற்றவும் முடியாது.

மூன்று விசில் என்றால் கயிறு விடு.
ஊதினேன். அருவி தின்றது.
மறுபடி ஊதினேன்.
பெரட்டுக் களத்தில் ஊதியிருந்தால்
மூன்று டிவிஷனும் திரும்பிப் பார்த்திருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் எடைமேடையில் நான் நிறுக்கிறேன்.
முழு எடையில் வெற்று எடை போக மிச்சம் சரக்கு.
இன்று என்னைத் தொங்கவிட்டு நிறுத்தார்கள்.
அறுபத்து மூன்று கிலோ, நனைந்த சட்டை தனி.
கழிக்கத் தொடங்கினேன்:
மோட்டார் சைக்கிள் தவணை,
அக்காவோடு பேசாத பதினோரு மாதம்,
அதில் என் தப்பு எவ்வளவு என்ற கணக்கு,
அது பாதியிலேயே நின்றது.
தொடை மரத்துப் போனது.

மேலே கோமளவல்லி
என்னைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.
இத்தனை நேரமாகியும் கயிறு ஏன் தளரவில்லை என்று
உள்ளங்கையை அதன்மேல் வைத்தாளாம்.
"துடிக்குது, ஆனா நகரல."
பூட்டு முடிச்சை அவிழ்த்து
சாண் சாணாக விட்டாள்.

முழங்கால். தொடை. வயிறு.
தரையே இல்லை. நீந்தினேன்.
குதித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது,
அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு கயிறு வர மறுத்தது.
நால்வரும் பிடித்துத் தொங்கினோம்.
மேலே ஏதோ ஒரு கல்லின் பல்லிடுக்கில் அகப்பட்டது.
எட்டிய உயரத்தில் சத்தியசீலன் அறுத்தான்.
"அடுத்த வாரம் போய் எடுத்திடுவேன்" என்றான்.

பிளவு எங்களைப் பதினான்காம் பிளாக்கில் துப்பியது.
கால்வாயோரம் தூண்டில் போட்டிருந்த லொம்போக்காரர்
எங்கிருந்து வருகிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.
அஸ்ரி விரிசலைக் காட்டினான்.
அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
புழு மாற்றினார்.

திங்கள் காலை ஆறு ஐம்பது. முதல் லாரி.
மேடை நடுங்கியது; எண் ஏறி, தயங்கி, நின்றது.
ஓட்டுநர் நவரத்தினம் வழக்கம்போல்
இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்.
"இறங்குங்க" என்றேன்.
கதவைத் திறந்து, படியைத் தேடி, இறங்கினார்.

எண்பது குறைந்தது.