மூலம்: தெரியவில்லை

கஸானில் இன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
வாசலில் லாரி உறுமிக்கொண்டே நிற்கிறது,
அணைத்தால் வசந்தம்வரை கிளம்பாது என்கிறான் ராஃப்கத்.
உள்ளே நாலாயிரம் ரொட்டி.
என் கையில் ஒரு முத்திரை.

இருநூற்று இரண்டு: பூஞ்சைக்குக் காவல்.
ஆலையில் பிறந்தது, பூர்வீகம் பெட்ரோலியம்.
குற்றமில்லை.
இருநூற்று எண்பத்திரண்டு: சுண்ணாம்பும் ஓர் அமிலமும்.
அதுவும் சரி.
மூன்றாவது, மேலே தெளிக்கிற மருந்து.
எதில் கரைத்தீர்கள்?
கிளிசரினில்.
எந்தக் கொழுப்பின் கிளிசரின்?
பனையாக இருக்கலாம், என்று எழுதியிருக்கிறார்கள்
பதினோரு நாள் கழித்து.
என் படிவத்தில்
'இருக்கலாம்' என்பதற்குக் கட்டமில்லை.

உப்பளத்தில் விழுந்த கழுதை
உப்பாகவே ஆகிவிட்டால் அது உப்புதான்,
கழுதையில்லை என்றார்கள் என் மத்ஹபின் பழையவர்கள்.
எத்தனை நாளில் என்று சொல்லவில்லை.
அடுத்த மேசை உமுகுல்சும் தாகெஸ்தான்காரி, ஷாஃபி.
அவள் கழுதையை விடமாட்டாள்.
"கொழுப்பு கொழுப்புதான் இல்சியார்,
பேர் மாறினால் பாவம் மாறுமா?"
தேநீரை ஊதியபடி கேட்கிறாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்தான்.
இட்டது யார் என்று
ஒரு கடிதம் சொல்லவேண்டும்.

ஜன்னலில் 'தட்'.
வெளியே மிலேஷ் மரம்.
உறைந்து, இளகி, திரும்ப உறைந்து
மரத்திலேயே புளித்துப்போன சிவப்புப் பழங்கள்.
அதைத் தின்று தலைசுற்றிய கொண்டைக்குருவி ஒன்று
கண்ணாடியை வானமென்று நம்பிவிட்டது.
இருநூற்று இரண்டின் ஆதி அமிலத்தை
முதன்முதலில் இந்தப் பழத்தைப் பிழிந்துதான் எடுத்தார்களாம்.
ஊர் ரொட்டியையெல்லாம் காக்கிறது.
தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியவில்லை.

ராஃப்கத் அதைத் தன் தொப்பிக்குள் வைத்து எடுத்துவந்தான்.
மேசைமேல் வைத்தான், முத்திரைக்குப் பக்கத்தில்.
"அக்கா, இவனுக்கும் படிவம் உண்டா?"
உமுகுல்சும் சிரித்துவிட்டாள். நானும்.
குருவியின் மார்பு மட்டும்
சின்னதாக ஏறி இறங்கியது.

கடைசி வரியை எழுதினேன்.
மூலம்: தெரியவில்லை.
கீழே கையெழுத்து.
முத்திரையின் மூடியைத் திருகி மூடினேன்.

ராஃப்கத் படித்தான்.
நாலாயிரம், என்றான், யாரிடமும் இல்லாமல்.
தொப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை.
வெறுந்தலையோடு பனியில் இறங்கிப் போய்
எஞ்சினை அணைத்தான்.