நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி

தலைஞாயிற்றுக்குத் தெற்கே,
அடப்பாறு உப்புக் கரிக்கத் தொடங்கும் இடத்தில்
எங்கள் பள்ளிக்கூடம்.
மேட்டூரில் திறந்தது இங்கே வந்துசேர
இருபது நாளாகும், வந்தால்.
இணையமும் அதே வாய்க்காலில்தான் வருகிறது போல.
மாடிப்படியில் ஏழாவது படியில் போனை வைத்தால்
ஒரு கோடு.
எட்டாவதில் அதுவும் இல்லை.

வருகிறபோது தேக்கிக்கொள்வது
கடைமடைக்காரர்களுக்குப் புதிதில்லை.

கூட்டுறவுச் சங்கம் ஏலத்தில் கழித்த கணினி,
மூவாயிரத்து இருநூறு.
மூடியைத் திறந்தால் பல்லி முட்டை மூன்று,
யாரோ கட்டிய உரக்கடன் ரசீது ஒன்று.
வீரசேகரம் வீட்டில் டிராக்டர் பேட்டரி தந்தார்கள்:
"ஒரு செல்லு செத்துருச்சு, மிச்சத்த வெச்சுக்குங்க."
ஜெய்லாபுதீன் கடையில் பழைய ரௌட்டர்.
காசு கேட்கவில்லை,
தன் மகளுக்கு எட்டாம் வகுப்பு அறிவியல் கேட்டார்.

திருவாரூரில் தங்கை வீட்டில்
மூன்று இரவு இறக்கிய பாடங்களை
மடியில் வைத்துப் பேருந்தில் வந்தேன்.
நடத்துநர் கேட்டார், "என்னம்மா, டிபன் பாக்ஸா?"
ஆமாம் என்றேன்.

வண்டலுக்கும் அவரிக்காட்டுக்கும்
பால்வண்டி செல்லத்துரை
பென்டிரைவில் முறை வைத்துக் கொண்டுபோனார்.
ஒரு முறை பால்கேனில் விழுந்தது.
துடைத்துச் சொருகினோம். வேலை செய்தது.

பிறகு எனக்கொரு கெட்ட பழக்கம் வந்தது.
யார் எதைத் திறந்தார்கள் என்று
சர்வரின் பதிவுகளைக் காலையில் முதல் வேலையாகப் படிப்பது.
ஏழாம் வகுப்பு: டைனோசர், டைனோசர், டைனோசர்.
தலைமையாசிரியர் அறை: முழங்கால் வலி.
ஒரு செவ்வாய் இரவு, பதினொன்றே முக்கால்:
தெரியாத ஒரு போன்.

அந்த நேரம் பள்ளி பூட்டிக் கிடக்கும்.
ரௌட்டருக்கு மதில் தெரியாது.
நிழற்குடை வரை போகும்,
காற்று சரியாக இருந்தால்
இறால் குட்டையின் மோட்டார் கொட்டகை வரை.

பின்னங்களைக் கூட்டுதல்.
தொடக்கம். 4:12. நிறுத்தம்.
தொடக்கம். 4:12. நிறுத்தம்.
ஐந்து முறை.
புதன் இரவும் அப்படியே.

"பாஸ்வேர்ட மாத்துங்க, எவனாச்சும் படம் பாப்பான்"
என்றார் செபஸ்தியம்மாள் டீச்சர்.
"இதுல படமே இல்ல டீச்சர்."

வியாழன் மதியம் நானே ஓட்டிப் பார்த்தேன்.
நான்கு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில்
அந்த நகரத்து ஆசிரியர்
பலகையில் பாதியை அழித்துவிட்டு
"இது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்று சிரித்து
கீழெண்களைச் சமமாக்கும் வரியைத் தாண்டிப் போகிறார்.

பதினெட்டு வருடமாக
அதே இடத்தில்
அதே வாக்கியத்தைத்தான் நானும் சொல்லி வருகிறேன்.

பிள்ளைகள் போனபின் கதவைச் சாத்தி
போனைச் செங்கல்லில் சாய்த்தேன்.
அரை மா ஒருத்தருக்கு, கால் மா இன்னொருத்தருக்கு.
அரையையும் காலையும் அப்படியே கூட்டவராது.
இரண்டையும் குழியாக்கு.
ஐம்பது குழி. இருபத்தைந்து குழி.
இப்போது கூட்டு.
நடுவில் சுண்ணாம்புக்கட்டி உடைந்தது,
வெளியே ஒரு காகம் ஓயவே இல்லை.
ஏழு நிமிடம் மூன்று நொடி.
எதையும் வெட்டாமல் ஏற்றினேன்.

வெள்ளி இரவு மின்சாரம் இல்லை.
செத்த செல்லோடு பேட்டரி பத்து மணி வரைதான் இழுத்தது.

சனி இரவு, பதினொன்றரை:
என் வீடியோ, முதலிலிருந்து கடைசிவரை, ஒரே முறை.
அடுத்து,
பின்னங்களைக் கழித்தல்.
2:40. நிறுத்தம்.

நிழற்குடையில் பேருந்துக்கு நிற்கும்போது
முகங்களைப் பார்க்கிறேன்.
மூட்டை தூக்குகிறவர், குட்டைக்குக் காவலிருப்பவர்,
பத்தாவதோடு நின்றுபோன தையல்நாயகி.
கேட்கவில்லை. கேட்டால் அந்த போன்
திரும்ப வராது.

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் நான் மட்டும்.
இரண்டு நிமிடம் நாற்பதாவது நொடியில்
என்ன சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்று
திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.