விட்டாச்சு

கப்பலை விட்டிறங்கி இருபத்தேழு நாள்.
ஹாடோவில் ஏற்றிவிட வந்தவர்கள்
மெயின்லேண்டில் வீட்டுக்கா பஞ்சம் என்றார்கள்.
பஞ்சமில்லைதான். தண்டையார்பேட்டையில் மட்டும்
பதினொரு வாசலில் செருப்பைக் கழற்றி
பதினொரு வாசலில் மாட்டிக்கொண்டோம்.

தேசிங்கு முன்னால் டிவிஎஸ்ஸில் போவார்,
நாங்கள் பின்னால் ஷேர் ஆட்டோவில்.
வீடு அமைந்தால் ஒரு மாச வாடகை அவருக்கு,
அதுவரை டீ, பெட்ரோல்.
"தம்பி, வீட்டம்மாவ வாயத் தொறக்க வேணாம்னு சொல்லு.
மூஞ்சியே ஊரு சொல்லுது, பேச்சு வேற எதுக்கு."

அல்பீனா டிர்கி, என் மனைவி.
பிறந்தது மாயாபந்தர்; பேசுவது சாத்ரி, சண்டைக்கு இந்தி.
என் தமிழும் பெரிய யோக்கியமில்லை,
அம்மாவிடம் காதால் வாங்கியது, எழுத்துக் கூட்டித்தான் போர்டு படிப்பேன்.
"நீங்க தமிழ்தானே?" என்று என்னைக் கேட்டுவிட்டு
பதிலை அவள் முகத்தில் தேடுவார்கள்.

எத்தனை பேரு. என்ன வேலை.
மணலியில் கன்டெய்னர் யார்டு, சார்.
நைட் ஷிப்டு உண்டா? அப்ப அது தனியா இருக்குமா?
அது என்றது அவளை.
கவிச்சி சாப்பிடுவீங்களா என்றார் ஒருவர்,
காசிமேட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நின்றுகொண்டு.
நாங்களும் சாப்புடுற ஆளுங்கதான்,
நீங்க என்னத்த சாப்புடுவீங்களோ.

ஒவ்வொரு காலி வீட்டிலும்
ஐந்து நிமிஷம் குடித்தனம் நடத்தினோம்.
முதலில் குழாயைத் திறப்பாள்; இருமும்.
துப்பட்டாவால் சுவரை அளப்பாள்,
கட்டிலுக்கு ஒன்றரைத் துப்பட்டா வேண்டும்.
எங்களிடம் கட்டில் கிடையாது.

கொருக்குப்பேட்டையில் காலண்டர் ஆணி ஒன்றிருந்தது.
கைப்பையை அதில் மாட்டினாள்.
அந்நேரம் பார்த்து சரக்கு ரயில் வந்தது.
பை ஆடியது, ஜன்னல் ஆடியது,
ஐம்பத்தெட்டுப் பெட்டியும் கடக்கும்வரை
வீட்டுக்காரம்மாவால் எதையும் கேட்க முடியவில்லை.
நாங்கள் அதிக நேரம் வாழ்ந்தது அந்த வீட்டில்தான்.
கடந்ததும் கேட்டார்.

திருவொற்றியூரில் ஒரு பெரியவர் சரி என்றே சொல்லிவிட்டார்.
ஆளுக்கொரு கோலி சோடா, சாவியைக்கூடக் கையில் தந்து காட்டினார்.
ஐந்நூறு டோக்கன் கொடுத்தோம்.
அன்றிரவு அல்பீனா துடைப்பம் வாங்கிவிட்டாள்.
விடியற்காலை போனில் ஐந்நூறு திரும்பி வந்தது,
பின்னாலேயே குரல்:
"பையன் வேணாங்கறான்பா. பொண்ணு நல்ல பொண்ணுதான்."

அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது
வடசென்னையின் வீட்டுக்காரர்கள்.
முதல் வாரம் அட்வான்ஸ், மீட்டர், மாடி.
அடுத்த வாரம் லாரித் தண்ணி, பத்துக் குடம்,
கேட்டு பத்து மணிக்குப் பூட்டிருவோம்.
மூன்றாவது வாரம் முழுக்க ஒரே சொல்.
போர்டு தொங்கும், நாங்கள் நிற்போம்,
கதவு பாதி திறக்கும்,
விட்டாச்சு.
எப்போ? காலையில.
போர்டு? அவுக்க மறந்துட்டோம்.

அர்த்தம் கேட்டாள். வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்றேன்.
தலையாட்டினாள்; அதோடு விடவில்லை.
சார்ஜ் தீர்ந்தால் போன் விட்டாச்சு,
லாட்ஜ் அறையில் சீப்பு காணவில்லை, சீப்பு விட்டாச்சு,
ஒரு நாள் என் பர்ஸை விரித்துப் பார்த்து
இதுவும் விட்டாச்சு என்றாள்.
சிரித்தேன். திருத்தவில்லை.

நேற்று மண்ணடியில் சாயங்காலம் பிடித்த மழை.
அறை வாடகை தினம் அறுநூறு,
துவைத்த துணி கட்டிலின் நாலு காலிலும்.
துடைப்பம் கதவு மூலையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.
பன்னிரண்டாவது வீட்டுக்கு என்ன பொய் சொல்லலாம் என்று
படுத்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன்:
நைட் ஷிப்டு இல்லை. மீன்கூட எப்போதாவதுதான்.
அவள் எழுந்துபோய் ஜன்னல் கம்பிக்கு வெளியே
கையை நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து,
"மழை விட்டாச்சு" என்றாள்.

எழுந்து உட்கார்ந்தேன்.
யாரும் சொல்லிக்கொடுக்காத வாக்கியம்.
நானும் கை நீட்டிப் பார்த்தேன்.
நிஜமாகவே விட்டிருந்தது.