தோளோடு ஓர் ஒப்பந்தம்

வலது தோளே,
யார் உன்னைக் காதோரம் குடியேறச் சொன்னது?
வாடகைகூடத் தராமல்
நவம்பரிலிருந்து அங்கேயே இருக்கிறாய்.
இறங்கு.

நெப்ராஸ்கா. நிலவறை. ஒற்றைக் குழல்விளக்கு.
மேலே காற்று
அறுத்த சோளத் தட்டைகளை உலுக்குகிறது.
இங்கே
தையல் மிஷினின் ஒரு சாண் வாய்க்குள்
இரட்டைக் கட்டில் அகலப் போர்வையை
நுழைத்துக்கொண்டிருக்கிறேன்,
லாரியில் ஏற மறுக்கும் கன்றைத்
தள்ளுவதுபோல.

உன்னை இழுத்தது ஊசியில்லை.
மேசை விளிம்பில் சரிந்து தொங்கும்
மூன்றடுக்குத் துணியின் கனம்.
இது விளங்க எனக்கு
ஏழு வாரமும் இரண்டு புட்டித் தைலமும் பிடித்தன.
இப்போது இஸ்திரிப் பலகை
இடப்பக்கம் நின்று அதைத் தாங்குகிறது.
எமிலின் பழைய டிராக்டர் இருக்கைத் திண்டு
என் நாற்காலியில்:
டீசல் வாசனைதான், ஆனாலும்
முழங்கை மேசை மட்டத்துக்கு வந்துவிட்டது.
ரப்பர் விரல் வைத்த தோட்டக் கையுறை
துணியைப் பற்றிக்கொள்கிறது.
நான் நசுக்க வேண்டியதில்லை.

போர்வை டார்லாவுக்கு.
எங்கள் தபால்காரி.
முதுகெலும்பில் நான்கு திருகாணியோடு
மல்லாந்து படுத்திருக்கிறாள்.
முதுகுவலிக்காரிக்குப் போர்வை தைக்கப் போய்
முதுகுவலி வாங்கியவள் என்று
தேவாலயத்துக் காப்பி மேசையில்
என் கதை ஏற்கெனவே ஓடுகிறது.

நேற்று போர்வையைப் புரட்டினேன்.
அடித்துணியில் எல்லாம் எழுதியிருக்கிறது.
மூச்சை அடக்கிய வளைவுகளில்
எறும்புச் சாரியாய் நெருங்கிய தையல்;
மூச்சு விட்ட இடங்களில்
அரிசி அரிசியாய் நிதானம்.
மூலையில் ஒரு முடிச்சுக் குவியல்.
அவளுக்கு அறுவை நடந்த காலை அது.
ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருமென்று
பல்லைக் கடித்தபடி தைத்தது.
பிரிக்கப் போவதில்லை.
அந்த மூலை அவள் கால்மாட்டுக்குப் போகட்டும்.

முட்டை வேகவைக்கும் மணிக்கடிகாரத்தை
மாடிப்படி உச்சியில் வைத்திருக்கிறேன்.
கைக்கெட்டினால் அணைத்துவிட்டுத் தைப்பேன்,
என்னை எனக்குத் தெரியும்.
இருபது நிமிடத்துக்கொரு முறை
அது அலறும்,
நான் பதின்மூன்று படி ஏறியாக வேண்டும்.
உச்சியில் ஒரு ஜன்னல். ஒரு குவளைத் தண்ணீர்.
தானியக் களஞ்சியத்து விளக்கைப் பார்த்துக்கொண்டே
கையைச் சுழற்றுவேன்,
கிணற்றுச் சகடைபோல் நீ கிரீச்சிடுவாய்.

இதோ, மணி.

இன்னும் இரண்டே அங்குலம்,
அந்த இலையை மட்டும் முடித்துவிட்டு...

இல்லை.
பேச்சு பேச்சுதான்.
ஊசியைத் துணிக்குள் இறக்கி
நிறுத்துகிறேன்.

நீயும் இறங்கு.