பதினேழாம் வால்வு

இரவு பதினொன்றே முக்காலுக்கு
உவர்மலைக்கு ஏறும் குழாய் வெடித்தது.
றிஸ்மி அழைத்தான்.
"மிஸ், பதினேழைப் பூட்ட வேணும்.
பதினேழு எங்க இருக்கு?"

எல்லாம் எழுதி வைத்திருக்கிறோம்.
அதுதான் பிரச்சினை.

வட்ஸ்அப்பில் இரண்டு குழுக்கள்.
ஒன்று 'பராமரிப்பு',
மற்றது 'பராமரிப்பு புதுசு'.
புதுசு பழசாகி இரண்டு வருஷம்.
பதினேழு என்று தேடினேன்:
பதினேழாந் திகதி கந்தூரி அழைப்பு,
பதினேழு பேருக்கு மதியச் சாப்பாடு,
ஸ்டோர் கீப்பரின் மகளுக்கு வயது பதினேழு,
அதன் கீழே முப்பத்தொரு கேக்.

எக்ஸெலில் 'இறுதி' என்றொன்று.
'இறுதி இரண்டு' என்றொன்று.
'இதை மட்டும் பாவிக்கவும்' என்றொன்று,
அதைப் பூட்டியவர் சிவகடாட்சம்.
அவர் மாற்றலாகி மட்டக்களப்புக்குப் போய்விட்டார்
கடவுச்சொல்லையும் கூட்டிக்கொண்டு.

தை மாதம் கொழும்பிலிருந்து
புதிய மென்பொருள் வந்தது.
இரண்டு நாள் பயிற்சி, ரோல்ஸ், பிளேன்ரீ.
"இனி எல்லாம் ஒரே இடத்தில்" என்றார்
சேர்ட் கையை மடித்துவிட்டிருந்த ஒருவர்.
ஏழு இடங்கள் எட்டாகின.

உள்ளே போனேன். வட்டம் சுற்றியது,
நள்ளிரவு தாண்டியும் சுற்றியது.
வால்வு பதினேழு இருந்தது!
படம் இணைக்கப்பட்டுள்ளது என்றது;
திறந்தால் றிஸ்மியின் பெருவிரல்.
'இடம்' என்ற பெட்டிக்குள்
'மேலே பார்க்கவும்'.
நித்திரைக் கலக்கத்தில்
உண்மையாகவே கூரையைப் பார்த்தேன்.
பல்லி.

கந்தோர் லாச்சியில் ஒரு மஞ்சள் கொப்பி,
பாதி சிங்களம், பாதி கீறிய படம்.
ஓவசியர் விமலதாச அளந்திருக்கிறார்:
'சைக்கிள் கடைக்கு எதிரே,
நீலக் கேற்றிலிருந்து பதினொரு அடி.'
சைக்கிள் கடை இப்போது போன் கடை.
அந்த வீதியில்
ஒரு கேற்றும் நீலமில்லை.

ஒன்றேகாலுக்கு நானே இறங்கிப் போனேன்.
துறைமுகத்தில் ஒரு கப்பல்
எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு நின்றது,
தான் நிற்கும் இடம் தெரிந்த தோரணையில்.
றிஸ்மி அலவாங்கால்
வீதியோரத்தைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு வந்தான்.
மூன்று மாதமாய் மழையில்லை. மண் வெடித்துக் கிடந்தது.

அப்போதுதான் அந்த நாலு மான்கள்,
பகலில் பஸ் நிலையத்தில் பொலித்தீன் தின்பவை,
மதிலோரம் தலை குனிந்து நின்றன.
வெள்ளம் ஓடும் பக்கமல்ல, மேட்டில்.
றிஸ்மி ரோர்ச் அடித்தான்.
ஒன்று நிமிர்ந்தது,
தாடையில் நீர்.

சுற்றிலும் காய்ந்த தரை,
அங்கே மட்டும் சாணளவு பச்சைப் புல்.
புல்லை விலக்கினால் இரும்பு மூடி.
பதினேழு
யாருக்கும் சொல்லாமல்
நெடுநாளாய்க் கசிந்துகொண்டிருந்தது.

முப்பத்துநாலு சுற்று.
இருவர் தொங்கித் திருப்பினோம்.
கீழே வீதியில் தண்ணீரின் சத்தம்
மெல்லக் குறைந்து,
தவளைகளிடம் வந்து நின்றது.

காலையில் பதிய வேண்டும்.
'இடம்' பெட்டியில் எழுதினேன்:
மான்கள் நீர் குடிக்கும் மதிலோரம்.
எண்கள் மட்டும் ஏற்கப்படும் என்றது.
புதுசில் போட்டேன், பழசிலும் போட்டேன்.
இரண்டு பெருவிரல்கள் விழுந்தன.
அதற்குமேல் யாரோ
தாமரைப் பூவோடு காலை வணக்கம் வைக்க,
பதினேழு மேலே மேலே போய்
மறைந்தது.

மஞ்சள் கொப்பியில்
விமலதாசவின் பதினொரு அடியை வெட்டாமல்
பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி.
அந்தக் கொப்பி இருப்பதை
வேறு யாருக்கெல்லாம் சொல்லலாமென்று யோசித்து
லாச்சியை மூடினேன்.

இன்னொரு படிவம் மிச்சம்:
கசிவு ஏதும் அவதானிக்கப்பட்டதா?
ஆம் என்றால் வியாழக்கிழமை ஆட்கள் வந்து
புது வாசர் போட்டு இறுக்குவார்கள்.
புல் காயும். மான்கள் வேறிடம் பார்க்கும்.
அடுத்த முறை, நள்ளிரவில்,
நான் யாரிடம் கேட்பேன்?

கேர்சர் அந்தக் கட்டத்துக்குள்
துடித்துக்கொண்டே இருந்தது.
பிளேன்ரீ ஆறிவிட்டது.
நான் இன்னும்
ஆம் போடவில்லை.