ஒற்றைக் கோடு

மண்டபத்துக்கு மேற்கே பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடம்.
மூன்று முறை வெள்ளையடித்தும்
மழை நாளில் சுவர்
சாளை சாளை என்கிறது.
அங்கேதான் ஆறு மாதப் பயிற்சி.
மருந்துக்குப் புரதம் வளர்க்கிற ஆலைக்கு
பதினெட்டுப் பேர் தயாராகிறோம்.

நுழையுமுன் கழற்றவேண்டும்,
வளையல், மெட்டி, மூக்குத்தி, தலையில் பூ.
பவுடர் கூடவே கூடாது.
பொட்டுகளைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவோம்.
சாயங்காலம்
எது யாருடையது என்று ஒரு சின்னச் சண்டை.

குறுக்கே ஒரு பெஞ்சு.
உறை மாட்டிய கால் அந்தப் பக்கம்,
மாட்டாத கால் இந்தப் பக்கம்.
பிரிட்டோ இரண்டு முறை மாற்றி வைத்தான்.
இரண்டு முறையும் கை கழுவுவதிலிருந்து.

வலை இழுத்த கட்டைவிரல் அவனுக்கு.
பிப்பெட்டின் முதல் தடையில் நிற்கத் தெரியாமல்
அடிவரை அமுக்கும்.
ஒரு துளியில் பாதியின் பாதி
அவனிடம் ஒரு மாதம் பிடிபடவில்லை.

ஆஃப்ரின் மேடம் கீழக்கரை.
என்னைவிட ஏழு வயது சின்னவள்.
"நம்பாதே, அளந்து பார்" என்பாள்.
வகுப்பே திரும்பி என்னைப் பார்க்கும்.
என் பெயர் நம்புச்செல்வி.

"எழுதாதது நடக்கவில்லை.
தப்பாக எழுதினால் சுரண்டாதே, வெள்ளை பூசாதே.
மேலே ஒரே ஒரு கோடு.
அடியில் இருப்பது படிக்கக் கிடைக்கணும்.
பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம், தேதி, மணி."

மூன்றாம் மாதம் டப்பாவில் ஒரு பொடி வந்தது.
அகர் என்றாள்.
எதிலிருந்து எடுப்பது என்று திரையில் படம் போட்டாள்.
நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
மரிக்கொழுந்துப் பாசி!
விரலுக்குத் துணி சுற்றி, காலுக்குத் தகரம் கட்டி,
தீவோரம் கழுத்தளவுத் தண்ணீரில்
ஒன்பது வருசம் நான் பிடுங்கி விற்றது.
என்ன செய்வார்களென்று
யாவாரியிடம் ஒருநாளும் கேட்டதில்லை.
நூற்று இருபத்தொரு டிகிரியில் வேகவைத்து
கை பொறுக்கும் சூட்டில் தட்டில் ஊற்றினால்
நுங்காய் இறுகுகிறது.
கண்ணுக்குத் தெரியாதது விழுந்தால்
இரண்டு நாளில் காட்டிக்கொடுக்கும்.

கடைசித் தேர்வு, பத்து லிட்டர் கலன்.
முப்பத்தேழு டிகிரி, இரவு ஷிப்டு.
பிரிட்டோ அடுத்த அறையில் எடை பார்க்கிறான்.
வெளியே கொண்டல் தகரத்தைத் தட்டுகிறது.
மூன்று பத்துக்கு மாதிரி எடுத்தேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
ஏதுமில்லை என்று எழுதி
பேனாவை மூடினேன்.

ஏதுமில்லையா?

மூக்குத்தி ஓட்டை அரித்தது.
முகமூடிக்கு மேலாகத் தேய்த்தேன்.
அந்தக் கையுறையோடுதான் வால்வைத் திறந்தேன்.
காமிராவுக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும்.
கடலுக்குள் எத்தனை முறை
அடுத்தவள் பையிலிருந்து ஒரு பிடி அள்ளியிருக்கிறேன்,
அதை எந்தத் தாளில் எழுதினேன்?
கலன் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.
பேனாவைத் திறக்க நாலு நிமிசம் ஆனது.

அந்த நாலு நிமிசத்தையும் எழுதினேன்.

மூன்றாம் நாள் தட்டில்
எள்ளளவில் மூன்று மஞ்சள் புள்ளி.
ஆஃப்ரின் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள்.
திட்டவில்லை, மெச்சவுமில்லை.
"கையுறை எந்தப் பெட்டி? எண் சொல்லு" என்றாள்.
பத்து லிட்டரையும் வேகவைத்துக் கொன்று
வடிகாலில் விட்டோம்.
திங்கட்கிழமை மறுபடி பெஞ்சிலிருந்து.

கோப்பில் வைக்குமுன் பிரிட்டோ தாளைப் பார்த்தான்.
"முதல்ல ஏதுமில்லைன்னுல்ல எழுதியிருக்க?"

படிக்க முடிகிறது அவனுக்கு.
கோடு சரியாகத்தான் விழுந்திருக்கிறது.