பதினோரு பைகள்

காலை ஆறு பத்துக்கு
ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து வேன் கிளம்பும்.
பன்னிரண்டு பிள்ளைகள்,
பதினோரு பள்ளிப்பைகள்.

கை சின் மலாயில் திட்டுவாள்,
இர்ஃபான் தமிழில் திருப்பிக் கொடுப்பான்.
‘போடா’ மட்டும்
எல்லாருக்கும் தாய்மொழி.

முதல் வாசல் சீனப்பள்ளி.
நான்கு பேர் இறங்க
வேனுக்குள் சத்தம் ஒரு நிறம் குறையும்.
சிக்னல் தாண்டித் தேசியப்பள்ளி.
பாதிப் பேய்க்கதையை எங்களிடம் விட்டு
இர்ஃபான் இறங்குவான்,
மீதி மதியம்தான்.
கடைசியில் தமிழ்ப்பள்ளி.
மழைநாளில் கூரைக்கடியில் வாளி மாற்றுவது
யுகேந்திரனின் முறை;
கணக்குப் பாடத்துக்கு நடுவிலும்.

ரூபன் எந்த வாசலிலும் இறங்குவதில்லை.
பதிவிலாகாவில் அவன் அம்மாவோடு
ஆறு முறை எண் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.
அப்பாவின் அடையாள அட்டை எங்கே என்பார்கள்.
ஓடிப்போனவன்
அதை மட்டும் விட்டுவிட்டா போவான்?

எட்டு வயது.
அம்மா தொழிற்சாலையில்,
அதனால் என்னோடு.
இறுகிப்போன சறுக்குக் கதவை
அவன்தான் இழுத்துத் திறப்பான்,
‘பார்த்து இறங்கு’ என்பான்
அந்தந்த வாசலுக்கு அந்தந்த மொழியில்.

நேற்று மணியடித்த பிறகும்
கதவை மூடவில்லை.
‘மாமா, உள்ளே தினமும்
பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களாமே?’

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
கண்ணாடியைப் பார்த்தபடி
‘ரூபன்’ என்றேன்.

காலி இருக்கைகளுக்குப் பின்னால்
நிமிர்ந்து நின்று,
தெருவே திரும்பும்படி
‘உள்ளேன் ஐயா!’

பின்னால் நின்ற கார்
ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.